தாய்ப்படியும் சேய்ப்படியும்

கூடுதலாக ஒரு வரி

ஒரே கோப்பின் இரண்டு படிகள் ஒருவரது மேசைக்கு வந்து சேர்கின்றன. இரண்டும் வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. ஆனால் ஒன்றில் ஏழாவதாக உள்ள வரி மற்றொன்றில் இல்லை. அந்த வரி முதலில் இல்லாமலிருந்து பின்னர் ஒருவரால் சேர்க்கப்பட்டதா, அல்லது தொடக்கம் முதலே இருந்து மற்றவரால் நீக்கப்பட்டதா? இரண்டு படிகளையும் எவ்வளவு நேரம் அருகருகே வைத்துப் பார்த்தாலும் அவற்றிலிருந்து இதற்கு விடை கிடைக்காது. வாடகை ஒப்பந்தமானாலும் சங்கத்தின் ஆண்டறிக்கையானாலும், நாலு பேர் கைபட்டுத் திரும்பும் எந்தக் கோப்பிலும் இந்தத் தொல்லை உண்டு. 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்று கணினிகளில் குவிந்து கிடக்கும் கோப்புப் பெயர்கள் அந்தத் தொல்லையின் அடையாளங்களே.

நாலு பேருக்கே இப்படியென்றால், புணே நகரின் மேற்கு ஓரத்தில் ஹிஞ்ஜவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் நூற்றுக்கணக்கானோர் ஒரே மென்பொருளின் மூல நிரலை ஒரே நாளில் திருத்தும்போது என்ன ஆகும் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் கோடிக்கணக்கான வரிகள் கொண்டது. அதன் ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் உலகெங்குமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் திருத்தங்கள் சேர்கின்றன. இவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்தது கூட இல்லை. ஆயினும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அறியாமல் அழித்துவிடுவது அரிதாகவே நிகழ்கிறது. இதைச் சாத்தியமாக்கும் கருவிகளுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகள் என்று பெயர்.

இவை பழைய படிகளைப் பத்திரப்படுத்தி வைக்கும் கிடங்குகள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். பத்திரப்படுத்துவது இவற்றின் பணியில் சிறுபகுதிதான். எந்தப் படி எந்தப் படியிலிருந்து பிறந்தது என்ற வம்சாவளியைக் குறித்து வைப்பதே முதன்மையான பணி. அந்த வம்சாவளி இல்லாமல் போனால் எவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்பதை அறிவதற்கும் அதே புணே நகரிலேயே ஒரு சான்று இருக்கிறது.

நான்கு வரிகளில் ஒரு பரிசோதனை

முதலில் கருவியின் வேலையைச் சிறிய அளவில் பார்ப்பது நல்லது. நகரப் பேருந்துகளுக்குப் பயணச்சீட்டு வழங்கும் ஒரு மென்பொருளில் கட்டண விதிகள் ஒரே கோப்பில் நான்கு வரிகளாக எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம்: குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், சிறுவருக்குப் பாதிக் கட்டணம், இரவு 11 மணிக்குமேல் ஒன்றரை மடங்கு, மாத அட்டை உடையோருக்குக் கட்டணம் இல்லை. இந்தக் கோப்பை ஹிஞ்ஜவடியில் ஒரு நிரலரும் சென்னையை அடுத்த சிறுசேரியில் இன்னொரு நிரலரும் ஒரே காலையில் தத்தம் கணினிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஹிஞ்ஜவடிக்காரர் 10 ரூபாயை 15 ஆக்குகிறார், வேறெதையும் தொடவில்லை. சிறுசேரிக்காரர் இரவுக் கட்டண வரியை நீக்கிவிட்டு, கடைசியில் 'முதியோருக்கு 5 ரூபாய்' என்று ஒரு வரி சேர்க்கிறார்.

மாலையில் இரண்டு படிகளையும் ஒன்றாக்க வேண்டும். இரண்டை மட்டும் ஒப்பிட்டால் மூன்று வேறுபாடுகள் தெரிகின்றன: முதல் வரியில் ஒன்று 15 என்கிறது, மற்றது 10 என்கிறது, இரவுக் கட்டணம் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை, முதியோர் வரியும் அப்படியே. 15 புதியதா, 10 புதியதா? இரவுக் கட்டணத்தை ஹிஞ்ஜவடி சேர்த்ததா, சிறுசேரி நீக்கியதா? இங்கே மீண்டும் அதே ஏழாவது வரிச் சிக்கல்தான்.

இப்போது மூன்றாவதாக ஒரு தாளைப் பக்கத்தில் வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. அது காலையில் இருவரும் எடுத்துச்சென்ற பொதுவான படி. அதைத் தாய்ப்படி எனலாம். தாய்ப்படியில் 10 என்று இருப்பதால் சிறுசேரிக்காரர் அந்த வரியைத் தொடவே இல்லை என்பதும், மாற்றியவர் ஹிஞ்ஜவடிக்காரரே என்பதும் தெளிவாகி, 15 நிற்கிறது. இரவுக் கட்டணம் தாய்ப்படியில் இருந்து சிறுசேரிப் படியில் இல்லாததால் அது நீக்கம், ஆகவே போகிறது. முதியோர் வரி தாய்ப்படியில் இல்லாமல் சிறுசேரிப் படியில் இருப்பதால் அது சேர்க்கை; ஆகவே தங்குகிறது. யாரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்காமலேயே, தாயிடமிருந்து எந்தச் சேய்ப்படி விலகியதோ அதன் சொல்லே செல்லும் என்ற ஒற்றை விதியைக் கொண்டு, கருவி ஒரு நொடிக்குள் முடிவான கோப்பைத் தந்துவிடுகிறது. நிரலர்கள் 'மெர்ஜ்' என்று சொல்லும் இச்செயலை இணைப்பு எனலாம். மூன்று படிகள் பங்கேற்பதால் இது மும்முனை இணைப்பு.

இந்த வெற்றிக்குள் ஒரு குழியும் இருக்கிறது. முதியோருக்கு 5 ரூபாய் என்று எழுதியவர், குறைந்தபட்சக் கட்டணமான 10 ரூபாயில் பாதி என்று எண்ணி எழுதியிருக்கக்கூடும். இணைந்த கோப்பிலோ அது 15 ரூபாயில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இரு திருத்தங்களும் வெவ்வேறு வரிகளில் நிகழ்ந்ததால் கருவி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. கருவிக்குத் தெரிந்தது வரிகள் மட்டுமே, கட்டணம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. சிக்கலின்றி நடந்தேறும் இணைப்புகளே சில வேளைகளில் ஆபத்தானவை என்பதால்தான், ஒவ்வோர் இணைப்புக்குப் பின்னும் தானியங்கிச் சோதனைகளை ஓட்டிப் பார்க்கும் வழக்கம் மென்பொருள் நிறுவனங்களில் வேரூன்றியிருக்கிறது.

தாய்ப்படி தொலைந்த இடம்

புணேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், சமஸ்கிருத அறிஞர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கரின் பெயரில் 1917 ஜூலை 6 அன்று தொடங்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 1919இல், மகாபாரதத்துக்கு ஒரு செம்பதிப்பு, அதாவது கிடைக்கும் சுவடிகளையெல்லாம் ஒப்பிட்டுச் சான்றுகளோடு மூலபாடத்தை நிறுவும் பதிப்பு, கொண்டுவரும் பணியை அது கையிலெடுத்தது. 1925இல் தலைமைப் பதிப்பாசிரியரான விஷ்ணு சீதாராம் சுக்தங்கரின் கையில் அந்தப் பணி ஒழுங்கான வடிவம் பெற்றது. சீவக சிந்தாமணிக்கும் சிலப்பதிகாரத்துக்கும் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்து பாடபேதங்களைக் குறித்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வேலையின் இயல்பு புதிதாக இராது. அதன் பரப்பு மட்டுமே மலைக்க வைக்கும்.

மகாபாரதத்தின் முதற்பகுதியான ஆதிபருவத்துக்கு மட்டும் 235 சுவடிகள் இருப்பது கண்டறியப்பட்டது. அவற்றில் 107 தேவநாகரியிலும் 32 வங்க எழுத்திலும் இருந்தன. தெற்கிலிருந்து கிரந்தத்தில் 31, தெலுங்கில் 28, மலையாளத்தில் 26 வந்தன. காஷ்மீரின் சாரதா எழுத்தில் மூன்றே மூன்று. இவற்றிலிருந்து 60 சுவடிகள் பதிப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒப்பிடும் வேலை புணேயில் மட்டுமின்றி, சாந்திநிகேதனத்திலும் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்திலும் நடந்தது. கட்டம் போட்ட தாளின் மேல்வரியில் அச்சுப் பதிப்பிலுள்ள ஒரு சுலோகம் அசை அசையாக எழுதப்படும். அதன் கீழே சுவடிக்கு ஒரு வரியாக, எந்த அசையில் அந்தச் சுவடி வேறுபடுகிறதோ அந்தக் கட்டத்துக்கு நேரே அதன் பாடம் குறிக்கப்படும். பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மக்கில்ராய் 1970களில் உருவாக்கிய 'டிஃப்' என்ற நிரல் இரு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபடும் வரிகளை மட்டும் பட்டியலிட்டுத் தந்தபோது கணினி செய்ததை, சாஸ்திரிகளும் பட்டதாரிகளும் அரை நூற்றாண்டுக்கு முன்பே சுலோகம் சுலோகமாகக் கையால் செய்து வந்தார்கள். டிஃப் ஒரு நேரத்தில் இரண்டு கோப்புகளைத்தான் ஒப்பிடும். இவர்களது தாளில் குறைந்தது பத்துச் சுவடிகள், சில பகுதிகளில் நாற்பதுக்கும் மேல்.

ஆனால் தாய்ப்படி இல்லை. கிடைத்தவை எல்லாமே சேய்ப்படிகள், அவற்றிலும் பெரும்பாலானவை கடைசிச் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. எந்தச் சுவடியும் தான் எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று முறையாகச் சொல்வதில்லை. ஆகவே பேருந்துக் கட்டணக் கோப்பில் கருவி செய்ததைச் சுக்தங்கர் தலைகீழாகச் செய்ய வேண்டியிருந்தது: கருவி தாயை வைத்துக்கொண்டு சேய்களின் திருத்தங்களை அறிகிறது, அவர் சேய்களை வைத்துக்கொண்டு தாயை ஊகித்தார். சுவடிகளை அவர் வடக்கு, தெற்கு என்ற இருபெரும் குடும்பங்களாகவும், அவற்றுள் எழுத்துவகையை ஒட்டிக் கிளைகளாகவும் பிரித்தார். ஒன்றோடொன்று கலக்காத இரு குடும்பங்கள் ஒரே பாடத்தைத் தந்தால் அது இரண்டுக்கும் முந்தைய தாய்ப்படியிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய அடிப்படை விதி.

ஏழாவது வரிச் சிக்கலுக்கு அவர் தந்த விடையை ஒரே ஓர் இடத்தில் பார்த்தால் போதும். வியாசர் சொல்லச் சொல்ல விநாயகர் எழுதினார் என்ற கதை சில சுவடிகளில் இருக்கிறது, தம்முள் நெருங்கிய தொடர்பில்லாத பல கிளைகளின் சுவடிகளில் இல்லை. மக்கள் விரும்பிக் கேட்கும் ஒரு கதையை, தொலைதூரங்களில் வாழ்ந்த பல எழுத்தர்கள் ஒருவரையொருவர் கேளாமல் அத்தனை பேரும் விட்டுவிட்டார்கள் என்பதைவிட, ஏதோ ஒரு கிளையில் அது சேர்க்கப்பட்டது என்பதே நம்பத்தக்கது. ஆகவே அது மூலபாடத்தில் இடம்பெறாமல் பின்னிணைப்புக்குப் போயிற்று. 1893இல் திலகர் விநாயகர் சதுர்த்தியைப் பொதுவிழாவாக்கிய மாநிலத்தில், அந்த விழாவுக்கே பேர்போன நகரத்திலிருந்து வெளிவந்த பதிப்பு இது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அறிஞர்கள் சான்றுக்குத் தந்த மதிப்பு விளங்கும்.

கவனிக்க வேண்டியது, அந்தக் கதை அழிக்கப்படவில்லை என்பதே. நீக்கப்பட்ட சிறு பகுதிகள் அந்தந்தப் பக்கத்தின் அடியில் உடுக்குறியிட்டு எண்களோடும், நெடிய பகுதிகள் பின்னிணைப்பிலும், எந்தெந்தச் சுவடியில் உள்ளவை என்ற விவரத்தோடு அச்சிடப்பட்டன. ஐயமுள்ளவர் அவற்றைப் படித்துத் தாமே வேறு முடிவுக்கு வரலாம். நல்ல பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையின் குணமும் இதுதான்: புதிய படியிலிருந்து ஒரு வரியை நீக்கலாம், வரலாற்றிலிருந்து அதை நீக்க முடியாது.

கமிட் என்னும் பதிவு

சுக்தங்கருக்குக் கிடைக்காத அந்த வம்சாவளியைப் பிறக்கும்போதே எழுதி வைத்துவிடுவதுதான் மென்பொருள் கருவியின் உத்தி. நிரலர் ஒரு திருத்தத்தை முடித்ததும் கருவியிடம் அதை ஒப்படைக்கிறார். இதற்கு 'கமிட்' என்று பெயர். ஒவ்வொரு கமிட்டிலும் அந்த நேரத்தில் கோப்புகள் எல்லாம் இருந்த நிலை, திருத்தியவர் பெயர், நாள், நேரம், ஏன் திருத்தினார் என்று அவரே எழுதும் ஒரு குறிப்பு, இவற்றோடு, எந்தக் கமிட்டிலிருந்து இது பிறந்தது என்ற தாய்ச்சுட்டும் சேர்ந்திருக்கும். இணைப்பால் உண்டாகும் கமிட்டுக்கு இரண்டு தாய்கள். இப்படித் தாய்ச்சுட்டுகளைப் பின்பற்றி நடந்தால் எந்த இரண்டு படிகளுக்கும் பொதுவான தாயைக் கண்டடைந்துவிடலாம். மும்முனை இணைப்புக்கு வேண்டியது அதுவே.

இன்று மிகப் பரவலாகப் பயன்படும் 'கிட்' என்ற முறைமை இந்தப் பதிவுக்கு ஒரு முத்திரையும் இடுகிறது. கமிட்டிலுள்ள அனைத்தையும் ஒரு கணக்கீட்டு முறைக்குள் செலுத்தி, எழுத்தும் எண்ணும் கலந்த 40 குறிகள் கொண்ட ஒரு பெயரை அது உண்டாக்குகிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் பெயர் முழுவதும் மாறிவிடும். தாயின் பெயரும் அந்தக் கணக்குக்குள் அடங்குவதால், பத்தாண்டுக்கு முந்தைய ஒரு கமிட்டில் யாராவது கைவைத்தால் அதன் பெயர் மாறி, அதன் சேயின் பெயர் மாறி, இன்றைய கமிட் வரை எல்லாப் பெயர்களும் மாறிவிடும். திருட்டுத்தனமான இடைச்செருகல் உடனே வெளிப்பட்டுவிடும். ஏட்டுச் சுவடிகளுக்கு இப்படியொரு முத்திரை இருந்திருந்தால் பாதி ஆய்வேடுகளுக்கு வேலையே இருந்திராது.

வரலாறு இப்படிச் சங்கிலியாக இருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. போன மாதம் சரியாக இயங்கிய மென்பொருள் இன்று பிழைபடுகிறது, இடையில் ஆயிரம் கமிட்டுகள் நிகழ்ந்திருக்கின்றன என்றால், நடுவிலுள்ள ஐந்நூறாவது படியை ஓட்டிப் பார்த்து, பிழை அதற்கு முன்னா பின்னா என்று அறிந்து, மீதமுள்ள பாதியில் மீண்டும் நடுவைச் சோதித்து, இப்படியே பத்துச் சோதனைகளுக்குள் குற்றவாளிக் கமிட்டைப் பிடித்துவிடலாம்.

பூட்டும் சாவியும்

இந்த நிலையை அடைய முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் 1972இல் உருவாக்கிய முதல் முறைமையும், பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய அடுத்த முறைமையும் மோதலைத் தவிர்க்கப் பூட்டை நம்பின: ஒருவர் கோப்பைத் திருத்த எடுத்தால் அது பூட்டிக்கொள்ளும், அவர் திருப்பித் தரும்வரை மற்றவர்கள் படிக்கலாம், திருத்த முடியாது. பூட்டியவர் கணபதி விழாவுக்கு ஊருக்குப் போய்விட்டால் அலுவலகமே காத்திருக்க வேண்டியதுதான்.

ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற விரிவுரையாளர் தம் மாணவர் இருவருடன் சேர்ந்து ஒரு நிரல்மொழிபெயர்ப்பியை எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் ஒன்பது முதல் ஐந்து வரை ஒழுங்காக வேலை செய்பவராகவும், மற்றவர் நினைத்தபோது வருபவராகவும், விரிவுரையாளருக்கு மாலையில் மட்டுமே நேரம் கிடைப்பதாகவும் இருந்தது. பூட்டு இவர்களுக்கு ஒத்துவரவில்லை. எனவே எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்தட்டும், மோதலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவில் பிறந்து, 1986இல் வெளியிடப்பட்டதே 'சிவிஎஸ்'. மூன்று பேரின் நேரம் ஒத்துப்போகாததால் உண்டான ஏற்பாடு பின்னர் உலகெங்கும் மென்பொருள் எழுதும் முறையையே மாற்றியது.

சிவிஎஸ்ஸில் முழு வரலாறும் ஒரே மையக் கணினியில் இருந்தது. அந்த ஏற்பாட்டின் பலவீனத்தையும் புணேயின் வரலாறு காட்டும்: 2004 ஜனவரியில் ஒரு கும்பல் பண்டார்கர் நிறுவனத்துக்குள் புகுந்து சூறையாடியபோது, வேறெங்கும் இல்லாத பொருள்கள் சேதமடைந்தன. அடுத்த ஆண்டு, 2005 ஏப்ரலில், லினக்ஸ் திட்டம் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற முறைமைக்கான அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டதும், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டைச் சில நாட்களுக்குள் இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். அதில் மையம் என்ற ஒன்று கட்டாயமில்லை. திட்டத்தில் சேரும் ஒவ்வொருவரின் கணினியிலும் முதல் கமிட்டிலிருந்து முழு வரலாறும் இருக்கும். ஒன்று அழிந்தாலும் மற்றொன்றிலிருந்து அப்படியே மீட்கலாம்.

நெளிகோடு

இணைப்பு விதி தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஹிஞ்ஜவடிக்காரர் 10ஐ 15 ஆகவும், சிறுசேரிக்காரர் அதே 10ஐ 12 ஆகவும் மாற்றியிருந்தால், இரண்டுமே தாயிலிருந்து விலகியவை. யார் சொல் செல்லும்? கருவி இங்கே முடிவெடுக்க மறுத்துவிடுகிறது. கோப்பில் அந்த இடத்தில் இரண்டு பாடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலும் கீழும் நடுவிலும் தடித்த குறிவரிசைகளை இட்டு, மனிதர் வந்து பார்க்கட்டும் என்று நின்றுவிடுகிறது. நிரலர்கள் அலுத்துக்கொள்ளும் இந்த நிலைக்கு முரண் என்று பெயர்.

சுக்தங்கரும் இதே நிலையைச் சந்தித்தார். வடக்குக் குடும்பம் ஒன்றும் தெற்குக் குடும்பம் வேறொன்றும் சொல்லி, எது பழையது என்று காட்டச் சான்றில்லாத இடங்களில் அவர் ஒரு பாடத்தைத் தேர்ந்து அச்சிட்டார். ஆனால் அந்தச் சொல்லின் அடியில் ஒரு நெளிகோடு இட்டு, இது உறுதியற்றது என்று வாசகருக்கு அறிவித்தார். 1933இல் முழுமையடைந்த ஆதிபருவத்தின் பக்கங்களில் இந்த நெளிகோடுகள் நெடுகக் காணப்படுகின்றன. கிட் முரணைத் தீர்க்கும்வரை வேலையை மேலே நகரவிடாது, தீர்த்த பின் குறிகள் மறைந்து கோப்பில் ஐயத்தின் சுவடே இராது. இந்த ஒரு விஷயத்தில் புணேப் பதிப்பு மென்பொருளைவிட நேர்மையானது என்றே சொல்ல வேண்டும்.

பதிவில் ஏறாதவை

சுக்தங்கரை மிகவும் துன்புறுத்தியது கலப்பு. வசதியுள்ள எழுத்தர் ஒரு சுவடியைப் பார்த்து எழுதுகையில் வேறோர் ஊரின் சுவடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிடித்த பாடங்களை அதிலிருந்தும் சேர்த்துக்கொள்வார். இது இரண்டு தாய்கள் கொண்ட இணைப்புதான், ஆனால் இரண்டாவது தாயின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. வம்சாவளி மரம் வலையாகச் சிக்கிக்கொள்வது இதனால்தான்.

மென்பொருளிலும் இது மறைந்துவிடவில்லை. ஒரு நிரலர் வேறொரு திட்டத்திலிருந்து முப்பது வரிகளை நகலெடுத்துத் தம் கோப்பில் ஒட்டிக் கமிட் செய்தால், அவை அவரே எழுதியவையாகவே பதிவாகும். மூலத் திட்டத்தில் பின்னர் ஒரு பாதுகாப்புக் குறை திருத்தப்பட்டாலும் அந்தத் திருத்தம் இங்கே வந்து சேராது. 'சிறு திருத்தம்' என்ற இரண்டு சொற்களோடு கமிட் குறிப்பை முடித்துவிடுபவரும் ஏறக்குறைய அந்த எழுத்தரைப் போன்றவரே. என்ன மாறியது என்பதைக் கருவி காட்டும், ஏன் மாறியது என்பதை அவர் எழுதினால்தான் உண்டு. சுக்தங்கர் தம் முடிவுகளுக்கான காரணங்களை விளக்க, ஆதிபருவத்துக்கு நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட முன்னுரை எழுதினார். அவர் 1943இல் மறைந்த பின் வேறு அறிஞர்கள் பொறுப்பேற்றுப் பணியைத் தொடர்ந்து, 1966இல் பதினெட்டுப் பருவங்களையும் முடிக்க முடிந்ததற்கு அந்த முன்னுரையில் வகுத்த விதிகள் பெரிதும் உதவின.

கிட் கூட எல்லாவற்றையும் பதிந்துவைப்பதில்லை. ஒரு கோப்பின் பெயரை மாற்றினாலோ வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலோ, அந்தச் செயல் கமிட்டில் குறிக்கப்படுவதே இல்லை. பழைய பெயரில் ஒரு கோப்பு காணாமல் போனதும் புதிய பெயரில் ஒன்று தோன்றியதும் மட்டுமே அங்கே தெரியும். இரண்டும் ஒன்றே என்பதைக் கருவி பிறகு உள்ளடக்கத்தை ஒப்பிட்டு ஊகிக்கிறது. வேறு கட்டளை இல்லாதவரை, பாதிக்குப் பாதி ஒத்திருந்தால் அது பெயர்மாற்றம் என்று கொள்கிறது. ஆதிபருவத்தின் வடக்குப் பாடத்தில் சகுந்தலையின் கதை முன்னும் யயாதியின் கதை பின்னும் வர, தெற்குப் பாடத்தில் இவ்வரிசை முன்பின்னாக மாறிக் கிடக்கிறது. இரண்டையும் தட்டச்சு செய்து டிஃப்பிடம் கொடுத்தால், ஒரு கதை முழுவதும் ஓரிடத்தில் நீக்கப்பட்டு வேறோரிடத்தில் புதிதாக எழுதப்பட்டிருப்பதாக நூற்றுக்கணக்கான வரிகளுக்கு அறிக்கை தரும். கதை இடம்பெயர்ந்திருக்கிறது என்று சொல்ல, இரண்டையும் படித்த ஒருவர் வேண்டியிருக்கிறது.